பின் சக்கரம்

சிதம்பரம்,
18.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஸ்ரீமதி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தரையில் படுப்பதால் ஜாஸ்தியாகிவிட்டதா? அத்தை போன வாரம் அங்கே மனு போட்டு உங்களைப் பார்த்துவிட்டு வந்து, "புள்ள பாதியா எளச்சிட்டான்டி" என்று போனில் அழுதார்கள்.

தீர்ப்பு சொன்ன அன்று, "கம்பிக்கு அந்தாண்ட நிக்கிறவனப் பாக்க நீ வராத" என்றீர்கள். நானும் வரவில்லை. போனில் பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்று அதையும் வேண்டாம் என்றீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அங்கே ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று அத்தை சொன்னார்கள். அதனால் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

தையல் வேலை குறைவில்லாமல் வருகிறது. மாசி முகூர்த்தத்துக்கான ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன.

இன்னொரு விஷயம். நம் வீட்டுக்கு ஒரு பழைய சைக்கிள் வந்திருக்கிறது. தெரிந்தவர்களுடையது. வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறிப் போயிருக்கிறது. அதை நானே சரிபண்ணிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதைத் தவிர இதுவரை நான் ஒரு நட்டையும் திருகியதில்லை. பின்கட்டில் துணி காயப்போடுகிற இடத்தில் சாக்கை விரித்துச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். பரண்மேல் இருந்த உங்கள் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டேன். முதலில் எதைக் கழற்றுவது? வலது பெடல் கழன்றுவிட்டது. இடது பெடல் அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனர் வழுக்கி விரலில் லேசாக அடி.

சோறு பிடிக்கவில்லை என்று தட்டை ஒதுக்காதீர்கள்.

ஸ்ரீமதி


மத்திய சிறை, கடலூர்,
1.3.2024

அன்பு ஸ்ரீமதிக்கு,

கடிதம் கைக்கு வந்தது. மடிப்புக் கிழிகிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். என் முதுகுக்கு ஒன்றுமில்லை. என்னைத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன். உன் விரலுக்கு ஊசி போட்டாயா? துருப்பிடித்த இரும்பு பட்ட அடி. அலட்சியமாக இருக்காதே.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். மற்றதெல்லாம் இடது பக்கம் திருப்பினால் கழலும். அது மட்டும் வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். நீ கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறாய்! கொஞ்சம் டீசல் வாங்கி மரையில் விட்டு ஊறப்போடு. மறுநாள் திருப்பு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிக்காதே. கழற்றுகிறதை ஒரு துணியில் வரிசையாக வை. மாட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடு.

அப்பீல் போகலாம் என்று என் அண்ணன் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்று நீ போன் பண்ணிச் சொல்லிவிடு. பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது நான் கண் அசந்தேன். முன்னால் போன ஒரு மனிதர் செத்துப்போனார். ஜட்ஜ் கேட்டபோது அதைத்தான் சொன்னேன். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அண்ணன் செம்மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு வக்கீல் வக்கீலாக அலைய வேண்டாம்.

சைக்கிள் யாருடையது என்று எழுதவில்லையே. நம் தெருவில் எல்லோரும் ஸ்கூட்டி அல்லவா வைத்திருக்கிறார்கள்? கடை இருக்கும்போது உன்னிடம் ஏன் கொடுத்தார்கள்? எப்படியோ, இங்கே வந்தபிறகு என்னிடம் ஒருவர் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. அடுத்து என்ன செய்தாய் என்று விவரமாக எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்,
24.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். விரலுக்கு ஊசி போட்டாகிவிட்டது, காயம் ஆறிவிட்டது. அங்கே வெயில் தொடங்கியிருக்குமே. தோட்டத்தில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நீங்கள் எழுதியபடியே வலது பக்கம் திருப்பினேன். கிரீச்சென்று ஒரு சத்தம், பெடல் கையோடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு கத்து கத்தியிருக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் பெடல் மாட்டுகிற கிராங்க்கைக் கழற்றப் போய் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டேன். அதைப் பிடித்திருக்கிற காட்டர் பின்னின் நட்டை முழுசாக எடுத்துவிட்டுச் சுத்தியால் அடித்தேன். பின் நசுங்கிப்போனது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை ரஃபியுதீன் பாய் அதைப் பார்த்துவிட்டு, "நட்டு பாதி மரையில இருக்கும்போதே அடிக்கணும்மா. சரி, இதுக்கெல்லாம் போயி மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க" என்று வேறு பின் கொடுத்தார்.

பின் சக்கரத்துப் பழைய ரிம் எதற்கும் ஆகாது. அப்பளத்தை மடித்த மாதிரி மடிந்திருக்கிறது. புது ரிம் ஒன்று வாங்கி வந்து பார்த்தால் ஓட்டைகள் குறைகின்றன. அது முன் சக்கரத்து ரிம்மாம். பாய் மாற்றிக் கொடுத்தார். "பாரம் பூரா பின்னாலதானே உக்காருது, அதான் கம்பியும் அங்க ஜாஸ்தி" என்றார். இப்போது கம்பிகளைக் கோப்பது எப்படி என்று தெரியவில்லை. போனில் வீடியோ பார்த்தேன். அதில் கை போகிற வேகத்துக்கு என் கண் போகவில்லை.

உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கோபமாகப் போனை வைத்துவிட்டார். அப்பீல் இல்லை.

நேரத்துக்குத் தூங்குங்கள்.

ஸ்ரீமதி


மத்திய சிறை, கடலூர்,
2.4.2024

அன்பு ஸ்ரீமதிக்கு,

நீ சுகமாக இருப்பதைப் படித்து நிம்மதி. எனக்கும் குறையில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் என்று கேள்விப்பட்டேன், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா.

கம்பி கோக்க எனக்குத் தெரியாது. நான் லாரிக்காரன். ஆனால் எங்கள் பிளாக்கில் சார்லஸ் என்று ஒருவர் இருக்கிறார், முன்பு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவரிடம் கேட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததுகூடத் தெரியாமல் தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருப்பது அவர் கை. முதலில் ஒரு பக்கம், ஓட்டை விட்டு ஓட்டை. பிறகு அடுத்த பக்கம். ஒவ்வொரு கம்பியும் மற்ற கம்பிகளைத் தாண்டும்போது கடைசியாகத் தாண்டுகிறதன் அடியில் நுழைய வேண்டும். நீ பின்னல் போடுகிறவள், உனக்கு வந்துவிடும் என்று சொன்னேன். எல்லாம் கோத்தபிறகு கோட்டம் எடுக்கணும். சக்கரத்தைச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கு. அவசரம் ஆகாது. ஒரேயடியாக இறுக்கினால் ரிம் கோணிவிடும்.

இரண்டு நாளாக நாங்கள் இருவரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாகச் சார்லஸ் ஒன்று கேட்டார். கேட்பாரற்றுக் கிடந்த சைக்கிள் துருப்பிடிக்கும், ரிம் அப்படி மடியாது, பின்னாலிருந்து ஏதோ பெரிய வண்டி இடித்திருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

யாருடையது என்று இந்தத் தடவையாவது எழுது.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்,
5.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கல்யாண சீசன், தையல் ஜாஸ்தி. நான் நலம். அக்கினி வெயிலில் உங்களுக்கு வேர்க்குரு வந்திருக்கும். பவுடர் கொடுத்தனுப்ப விடுவார்களா என்று அத்தையிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அத்தையின் கால் வீக்கம் வற்றிவிட்டது.

சார்லஸ் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு கோத்தேன். பாதியில் தப்பு தெரிந்து எல்லாவற்றையும் உருவிப்போட்டு மறுபடி கோத்தேன். இப்போது சக்கரம் சக்கரமாக நிற்கிறது. சுற்றினால் ஒரு பக்கம் கொஞ்சம் ஆடுகிறது. தினமும் உட்கார்ந்து கோட்டம் எடுக்கிறேன்.

அடுத்தது கேரியர். இது கடையில் விற்கிற கேரியர் இல்லை. பெரிய டின் வைப்பதற்காக இரண்டு பக்கமும் கம்பி வைத்து அகலப்படுத்தியிருக்கிறது. நாலு மூலையிலும் கயிறு கட்ட வளையம் பற்றவைத்திருக்கிறது. ஒரு பக்கம் பற்று விட்டுத் தொங்குகிறது. புதுசு மாட்டிவிடலாம் என்கிறார் பாய். இதையே நிமிர்த்தவா, மாற்றவா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

செயின் கவரில் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறது. அதைச் சுரண்டவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நான் என்ன எழுத? கேரியரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஸ்ரீமதி


சிதம்பரம்,
9.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அத்தை போனபோது நீங்கள் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். அவர்களிடம் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி நான் மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. அது இறந்துபோன தேவநாதனின் சைக்கிள்தான்.

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஒரு அம்மா இறங்கினார்கள். கோர்ட்டில் பார்த்த முகம், உடனே தெரிந்துவிட்டது. அவர் மனைவி கலைமணி. டிரைவர் சைக்கிளை இறக்கி நம் படியில் சாய்த்தார். 

"கேஸு முடிஞ்சிச்சின்னு ஸ்டேஷன்ல இதத் திருப்பிக் குடுத்தாங்க" என்றார்கள். "ரெண்டு கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். எடைக்குப் போட்டுடுன்றான். நான் போட மாட்டேன். உன் வூட்டுக்காரரு ஒடச்சது. நீ சரி பண்ணிக் குடு."

"நல்ல கடையாப் பாத்து நான் குடுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"கடைக்குக் குடுக்கறதுன்னா நான் குடுக்க மாட்டனா? நீ பண்ணு. உன் கையால."

"புதுசா ஒண்ணு வாங்கித் தரேங்க்கா."

அக்கா என்று வாயில் வந்துவிட்டது. அவர்கள் முகம் மாறியது.

"அக்கா கிக்கான்னு கூப்புடாத. புதுசும் வேணாம். உன் வூட்டுக்காரரு ஜெயிலுக்குப் போயி உக்காந்துட்டாரு. அதனால எனக்கு என்னா ஆச்சு சொல்லு? அவரு இருந்தப்ப டின்ன இதுல கட்டிக்கிட்டு ஊரெல்லாம் இடியாப்பம் வித்துட்டு வருவாரு. இப்ப நான் கூடையத் தலையில வச்சிக்கிட்டு லால்புரத்துக்குள்ளயே நாலு தெரு சுத்தறேன். அதுக்கு மேல கழுத்து தாங்கல. எனக்கு இந்த சைக்கிள் வேணும்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

இதை உங்களுக்கு எழுதினால் என்ன ஆகுமோ என்று பயம். ஆனால் கேட்காமல் என்னால் ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியவில்லை. நீங்கள் பெடலைப் பற்றி உற்சாகமாக எழுதிய கடிதம் வந்ததும் யாருடையது என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுதுங்கள். அத்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சாப்பிடுகிறீர்களா?

ஸ்ரீமதி


மத்திய சிறை, கடலூர்,
30.6.2024

ஸ்ரீமதிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மா அடுத்த தடவை வரட்டும், பார்க்கிறேன்.

கேரியரை மாற்றாதே. அது அவர் அளவெடுத்துச் செய்தது. நிமிர்த்தி, விட்ட இடத்தில் மட்டும் பற்றவைத்துக்கொள். அந்த ஒரு வேலைக்குப் பட்டறைக்குப் போகலாம், அது வீட்டில் முடியாது. அவுங்களிடம் சொல்லிவிட்டுப் போ.

கோர்ட்டில் அந்தச் சைக்கிளின் போட்டோவைக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கேரியரை அன்று ரோட்டிலேயே பார்த்திருந்தேன். அவரைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால் அது கிடந்தது. டின் திறந்து இடியாப்பம் ரோடு முழுக்கச் சிதறியிருந்தது. உன் கடிதத்தில் வளையம் என்ற இடம் வந்ததும் அதற்கு மேல் படிக்கவில்லை. பிறகு சார்லஸ்தான் படித்துச் சொன்னார்.

உன்மேல் கோபம் இல்லை. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டு எழுதினேன். அந்த வரியை நீ அங்கே தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாய். இத்தனை நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வாங்கிப் போடு. பெரியதாக, இரண்டு போடு.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்,
21.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. நான் சுகம். அத்தை உங்களைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். தாடி வைத்திருக்கிறீர்களாமே. எடுத்துவிடுங்கள்.

ஆனித் தேருக்கு மறுவாரம் கலைமணியே வந்தார்கள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார்கள். பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. துவைக்கிற கல்லில் சாய்ந்து நின்று, நான் சக்கரத்தின் நடு ஹப்பில் கிரீஸ் வைத்துப் பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குண்டு உருண்டு அவர்கள் காலடிக்குப் போனது. குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்கள்.

"கையெல்லாம் என்னா இப்புடி ஆயிடுச்சி?" என்றார்கள். நகக்கண் எல்லாம் கறுப்பு. போன வாரம் ஒரு பட்டு ஜாக்கெட்டில் கறை பட்டு, அந்தப் பொம்பளையிடம் திட்டு வாங்கினேன். அதைச் சொன்னேன்.

"சீயக்காத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேயி. அவரு அப்புடித்தான் தேப்பாரு."

 கேரியரைப் பட்டறையில் பற்றவைக்க வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. தள்ளிக்கிட்டுப் போவேன். பாரத்த அது சொமக்கட்டும்."

கிளம்பும்போது வாசலில் நின்று, "உள்ள என்னா வேல குடுத்துருக்காங்க அவருக்கு?" என்றார்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ரிஃப்ளெக்டர் இரண்டு வாங்கிவிட்டேன்.

தைரியமாக இருங்கள்.

ஸ்ரீமதி


மத்திய சிறை, கடலூர்,
4.8.2024

அன்பு ஸ்ரீமதிக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும். தாடியை எடுத்தாகிவிட்டது.

பிரேக் கட்டையைப் புதுசாகப் போடு. பாரத்தோடு தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்குச் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்டாண்டின் ஸ்பிரிங்கையும் மாற்று. டின்னை இறக்கும்போது சாயக்கூடாது.

இதோடு இன்னொரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். அது அவுங்களுக்கு. கோர்ட்டில் ஜட்ஜிடம்தான் பேசவிட்டார்கள், அவுங்க பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சைக்கிளைக் கொடுக்கும்போது கொடு. நீ படித்தாலும் சரி.

உடம்பைக் கவனித்துக்கொள். கண்ணுக்கு வெளிச்சம் பத்தாமல் தைக்காதே.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்,
1.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சௌக்கியம். அங்கே மழை உண்டா? இங்கே இரண்டு நாளாக நல்ல மழை.

சைக்கிளைக் கொடுத்துவிட்டேன்.

நானே தள்ளிக்கொண்டு லால்புரம் வருகிறேன் என்று கலைமணிக்குச் சொல்லி அனுப்பினேன். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நானே வருகிறேன் என்று பதில் வந்தது. புதன்கிழமை வந்தார்கள். வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். கறுப்புப் பெயிண்ட் நான் அடித்தது, அங்கங்கே ஒழுகியிருந்தது. செயின் கவரின் பச்சையை அப்படியே விட்டிருந்தேன். அவர்கள் சைக்கிளைச் சுற்றி வந்தார்கள். கேரியரில் இரண்டு கையையும் ஊன்றி உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார்கள். பிறகு ஸ்டாண்டு போட்டபடியே பெடலைக் கையால் தள்ளிப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். அது தானாக நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோட்டம் இருக்குது கொஞ்சம்."

"ஆமாங்க. எவ்ளோ பாத்தும் அதுக்கு மேல எனக்கு வரல."

"பரவால்ல. போவும்."

உங்கள் தாளை நீட்டினேன். நான் படிக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்காமலே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கை நீட்டவில்லை.

"படிக்கத் தெரியாதுன்னு நெனைக்காத, எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். இத வாங்கிட்டன்னா நான் ஏதாச்சும் பதில் சொல்லணும். எங்கிட்ட பதில் இல்ல. அவருகிட்டயே குடுத்துடு."

அவர்கள் குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாளை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனவர்கள் நின்று திரும்பினார்கள். மறந்துவிட்டதை எடுக்க வருகிறார்களோ என்று நினைத்தேன். அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்கள்.

"பஞ்சரானா இங்கதான் கொண்டாருவேன். நீதான் ஒட்டணும். அவரு வந்த பெறவும் நீதான். அவரு இதத் தொடக் கூடாது."

சரி என்றேன். தெருவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர்கள் போனபிறகு பின்கட்டுக்குப் போனேன். சாக்கும் டீசல் கிண்ணமும் கிடந்தன. எடுத்துவைக்க மனசு வரவில்லை. அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு மாதமாக உங்களிடம் பேசியதெல்லாம் அந்தச் சைக்கிளை வைத்துத்தான். இனி என்ன எழுதுவேன் என்று இருக்கிறது.

நேற்று விடியற்காலையில் பால் வாங்கப் போனபோது கீழ வீதியில் அவர்களைப் பார்த்தேன். கேரியரில் டின் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் இடியாப்பம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நானும் நிற்காமல் வந்துவிட்டேன்.

ஸ்ரீமதி


மத்திய சிறை, கடலூர்,
12.9.2024

அன்பு ஸ்ரீமதிக்கு,

உனக்கும் எனக்கும் இனி உடம்பைப் பற்றி விசாரித்து எழுதிக்கொள்ள ரொம்ப நாள் இல்லை. தண்டனையில் கழிவு போக அடுத்த மாதம் முதல் வாரத்தில் விட்டுவிடுவார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். அண்ணனை அனுப்பாதே. நீ வா. கேட்டுக்கு வெளியே நீ நின்றால் போதும். திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று அம்மா சொன்னார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் வீட்டுக்குப் போகலாம்.

தாள் வந்து சேர்ந்தது. அவுங்க சொன்னது சரி. கிழித்துத் தோட்டத்துக் குழியில் போட்டுவிட்டேன். சார்லஸிடம் சக்கரம் ஓடுகிறது என்று சொன்னேன். கோட்டம் எவ்வளவு என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றேன்.

இனிமேல் லாரி ஓட்டப் போவதில்லை. அண்ணாமலை நகர்ப் பக்கம் நர்சரியில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுப் பார்க்கிறேன்.

உனக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாது. இப்போதே எழுதிவிடுகிறேன். நான் அங்கே இருந்தாலும் நீ செய்யும்போது பக்கத்தில் நின்று சொல்லித்தர முடியாது. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். ஸ்பூன் காம்பை விட்டு டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பு. டியூபை வெளியே இழுத்துக் காற்றடித்து, பேசினில் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பார். குமிழி வருகிற இடத்தில் உன் தையல் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போடு. காற்றை இறக்கித் துடை. ஈரம் துளி இருந்தாலும் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு சொலூஷன் தடவு. தடவியதும் ஒட்டிவிடாதே. தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும், அப்போது பேட்சை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. மாட்டுவதற்கு முன்னால் டயருக்குள் விரலை விட்டுத் தடவி, குத்திய முள் இருக்கிறதா என்று பார்.

அவுங்க எந்த நேரத்தில் வருவாங்க என்று சொல்ல முடியாது. வாசலில் சைக்கிள் வந்து நின்றால் நான் உள் அறைக்குப் போய்விடுகிறேன். நீ பின்கட்டுக்குக் கூட்டிப்போய் நிதானமாக வேலையைப் பார். அவுங்க கேட்டால் தண்ணீர் கொடு. என்னைக் கூப்பிடாதே, நான் இருமக்கூட மாட்டேன். அவுங்க தெருமுனை திரும்பியதும் வந்து கதவைத் தட்டு.

ஜெயப்பிரகாஷ்